தாமரையும் நோவாவும்

கல்லூரி வினாடி வினா அரங்குகளில் ராக் இசைச் சுற்றுக்கென்று தனி ரசிகர் கூட்டம் உண்டு. அவர்கள் விரும்பிச் சுவைக்கும் புதிர்களுள் ஒன்று இது: லெட் செப்பலின் குழு 1973இல் வெளியிட்ட ‘ஹவுசஸ் ஆஃப் த ஹோலி’ தொகுப்பில் ஒரு பாடலின் தலைப்பு, பாடலுக்குள் எங்கும் வருவதில்லை. எழுத்தைப் பார்த்து வாசிப்போர் பலரும் அதை ‘டையர் மேக்கர்’ என்பர். அதன் சரியான ஒலிப்பு என்ன?

விடை: ‘ஜமைக்கா’. இதன் பின்னே பழைய ஆங்கிலச் சிலேடை ஒன்று இருக்கிறது. “என் மனைவி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயிருக்கிறாள்” என்கிறார் ஒருவர். “ஜமைக்காவா?” என்கிறார் மற்றவர். “இல்லை, அவளாகவே விரும்பித்தான் போனாள்!” ‘நீ அவளைக் கட்டாயப்படுத்தினாயா’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர், இங்கிலாந்தின் விரைந்த பேச்சில் அத்தீவின் பெயர்போலவே ஒலிக்கும். டகரமும் யகரமும் கூடி ஜகரமாகும், ஹகரம் மறையும், சொல்லிறுதி ரகரம் ஒலிக்காது. பாடலின் தாளமோ ஜமைக்காவில் பிறந்த ரெகே. துணுக்குச் செய்திபோலத் தோன்றும் ஒன்றுக்குள் ஒலியியலின் மூன்று விதிகள் அடங்கியிருக்கின்றன.

இத்தகைய புதிர்களின் வழியாகவே மொழியியலுக்கு வந்த முதுகலை மாணவர் ஒருவர், தம் முதல் கருத்தரங்க உரையை விளம்பரப் பிழை ஒன்றோடு தொடங்கினார். செவ்ரொலே நிறுவனத்தின் ‘நோவா’ கார் பற்றிய கதை அது. ஸ்பானிய மொழியில் ‘நோ வா’ என்றால் ‘போகாது’. ஆகவே இலத்தீன் அமெரிக்காவில் அக்காரை எவரும் வாங்கவில்லை என்றார். அரங்கு சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: “தாமரை என்ற பெயரில் ஒரு சோப்பு வந்தால், தாவுகிற மான் என்று நினைத்து வாங்காமல் திரும்பிவிடுவீர்களா?”

மாணவரிடம் விடை இல்லை. பொதுமொழிக்கு நன்னூல் உரைகள் காட்டும் சான்றுதான் தாமரை. சேர்த்துச் சொன்னால் மலர். ‘தா மரை’ என்று பிரித்தால் தாவும் மரை. ஆனால் கடைவீதியில் நிற்கும் எவருக்கும் அந்தப் பிரிப்பு நினைவில் எழாது. ‘நோவா’வும் அவ்வாறே. பெயரில் அழுத்தம் முதல் அசையில் விழும். ‘போகாது’ என்ற தொடரில் இறுதி அசையில் விழும். வண்டி ஓடவில்லை என்பதற்கு ஸ்பானியர் இயல்பாகச் சொல்வதும் வேறு சொற்களே. அந்தக் கார் மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் அதே பெயரில் விற்பனையானது. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸ், தன் பெட்ரோலுக்கே ‘நோவா’ என்று பெயரிட்டிருந்தது.

எல்லாக் கதைகளும் பொய்யல்ல. மிட்சுபிஷியின் ‘பஜேரோ’ ஸ்பானிய மொழியில் ஆபாசமான வசைச்சொல். அதனாலேயே அம்மொழி வழங்கும் நாடுகளில் அவ்வண்டி ‘மான்டெரோ’ ஆயிற்று. தண்டியலங்காரத்தின் பாகுபாட்டில் சொன்னால், பஜேரோ செம்மொழிச் சிலேடை. நோவா பிரிமொழிச் சிலேடை. முன்னது பிரிக்காமலே காதில் தைக்கிறது. பின்னதைப் பிரித்துக் காட்ட ஒருவர் வேண்டும்.

அந்த மாணவரை உறுத்தியது கதை பொய்யானது மட்டுமன்று. தம் தாய்மொழியில் ஒரு பெயரையும் ஒரு வாக்கியத்தையும் வேறுபடுத்தத் தெரியாதவர்களாகப் பல கோடிப் பேரை அவர் ஒரே வரியில் ஆக்கிவிட்டிருந்தார். ஸ்பானியம் பேசும் ஒருவரிடமேனும் அவர் கேட்டுப் பார்த்ததில்லை.

தவறாகக் கேட்பது எளியோரின் குறை என்றும் சொல்ல முடியாது. ரிச்சர்ட் பெர்ரி எழுதிய ‘லூயி லூயி’, ஒரு மாலுமி தன் காதலியை எண்ணி ஏங்கும் பாடல். கிங்ஸ்மென் குழு 1963இல் அதைப் பதிவு செய்தபோது சொற்கள் தெளிவாக விழவில்லை. விழாத இடங்களை ஆபாசம் கொண்டு நிரப்பிக்கொண்டவர்கள் புகார் எழுதினர். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இசைத்தட்டை வெவ்வேறு வேகங்களில் சுழலவிட்டு ஆராய்ந்து, எந்த வேகத்திலும் சொற்கள் புரியவில்லை என்று முடிவு கூறியது. வல்லரசின் காதும் தான் அஞ்சியதைத் தேடியே அலைந்தது.

இந்திய நெடுஞ்சாலைகளின் மதுக்கடைப் பலகைகளில் ‘சில்ட் பியர்’ என்பது ‘சைல்ட் பியர்’ என்று எழுத்துப்பிழையோடு நிற்கும். குளிர்ந்த பியர் குழந்தை பியர் ஆகிவிட்டதைப் படமெடுத்துப் பகிர்ந்து சிரிப்பது படித்தவர்களின் வழக்கம். பலகை எழுதியவர் காதில் விழுந்ததை, தமக்கு முன்பே பழகிய ஓர் எழுத்துக்கூட்டலில் எழுதினார். அதைக் கண்டு குழந்தையைத் தேடி எவரும் கடைக்குள் நுழைந்ததில்லை. பலகை தன் வேலையைச் செய்துவிட்டது.

மாணவர் இன்றும் அப்படங்களைக் கண்டு சிரிக்கிறார். வினாடி வினாவும் நடத்துகிறார். நோவாக் கேள்வியையும் விட்டுவிடவில்லை, அதன் வடிவத்தை மட்டும் மாற்றிவிட்டார்: “பெயரால் விற்காமல் போனதாகச் சொல்லப்படும் கார் ஒன்று உண்டு. அந்தக் கதை ஏன் உண்மையாக இருக்க முடியாது?” தாமரை என்ற துப்பு கடைசியில்தான் தரப்படும்.