சிங்கிள் டென்ட்டும் கட்டிங் மாஸ்டரும்

"மொத்தம் ஆறு பேரு, மூணு டென்ட். ரெண்டு ரெண்டு பேரா படுத்துக்கலாம், ஓகேவா?"

எங்க ட்ரெக்கிங் செட்டோட லீடர் கேட்டதும் எல்லாரும் தலையாட்டிட்டாங்க. அப்புறம் ஒரு நிமிஷம் கப்சிப். அஞ்சு பசங்களும் மெதுவா என் பக்கம் திரும்பினாங்க. அஞ்சு பையன், ஒரு பொண்ணு. ரெண்டால வகுத்தா எங்கே இடிக்கும்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கே தெரியும். இன்ஜினீயரிங் படிக்கிற எங்களுக்கு ஒரு நிமிஷம் ஆச்சு!

"நீ தனியா ஒரு ஆள் டென்ட் கொண்டு வந்துடு. ஆனா, சுமக்கிறதும் நீதான்" என்றான் லீடர். மணாலிக்கு மேலே பியாஸ் குண்ட். பியாஸ் நதி பிறக்கிற சின்ன ஏரி. நான் போறதும் போகாததும் ஒரு துணிக் கூடாரத்துல வந்து நின்னுது.

எங்க வீடு திருப்பூர்ல. ரெண்டே ரூம். ஆத்தா, தங்கச்சி, நான் மூணு பேரும் ஒரே ரூம்ல வரிசையா படுப்போம். ஹாஸ்டல்ல ரூமுக்கு நாலு பேர். ஆக, 'தனி ரூம்'ங்கிற சமாசாரத்தை நான் சினிமாவுலதான் பார்த்திருக்கேன். அப்படிப்பட்டவ, 'சிங்கிள் டென்ட் வாங்குவது எப்படி'ன்னு தேட ஆரம்பிச்சா எப்படி இருக்கும்? மண்டை காய்ஞ்சிடுச்சு!

அதுக்கு முன்னாடி அம்மா. 2018 மார்ச் 11... குரங்கணி காட்டுத்தீ. 23 உயிர் போச்சு. ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துலேர்ந்து போனவங்களும் அந்தக் கூட்டத்துல இருந்தாங்க. எங்க ஏரியாவுல 'மலையேறப் போறேன்'னு ஒரு பொண்ணு சொன்னா, இன்னிக்கும் முதல்ல அதுதான் ஞாபகம் வரும். அம்மா 'வேண்டாம்'னு சொல்லலை. மூணு கண்டிஷன் போட்டாங்க. உள்ளூர் வழிகாட்டி இல்லாம ஏறக் கூடாது, மழைக்காலத்துக்கு முன்னாடியே போய்ட்டு வந்துடணும் (2023 ஜூலையில பியாஸ் வெள்ளம் மணாலியை என்ன பண்ணுச்சுன்னு டி.வி-யில பார்த்தவங்களாச்சே), டென்ட்டுக்குள்ள அடுப்பு பத்த வைக்கவே கூடாது. மூணாவது கண்டிஷன் பக்கா கரெக்ட். டென்ட் துணி நெருப்பு பட்டா உருகி ஒழுகும். பத்தாததுக்கு, மூடின டென்ட்டுக்குள்ள அடுப்பு எரிஞ்சா கார்பன் மோனாக்ஸைடு சேரும். அது மூக்குக்கே தெரியாது!

அப்பா பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "துணி என்ன துணி கண்ணு?"

அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது, நான் இணையத்துல மண்டையை உடைச்சுக்கிட்டிருந்த பாதி விஷயம் எங்க வீட்டு நடுக்கூடத்துல லுங்கி கட்டிக்கிட்டு உக்காந்திருக்குன்னு. டென்ட் விளம்பரத்துல '20டி நைலான்'னு போடுவாங்க. டி-ன்னா டெனியர். 9,000 மீட்டர் நூலை எடை போட்டா எத்தனை கிராம் வருதோ, அதுதான் டெனியர். ஒன்பது கிலோமீட்டர் நூல், வெறும் இருபது கிராம்! திருப்பூர்லேர்ந்து அவிநாசி போற வழியில பாதிக்கு மேல நூலை விட்டுக்கிட்டே போனாலும், கையில ஒரு பிஸ்கட் பாக்கெட் கனம்கூட இருக்காது.

"நம்ம காட்டன் கவுண்ட்டுல நம்பர் ஏற ஏற நூலு மெலிசு. இதுல நம்பர் எறங்க எறங்க மெலிசு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் அப்பா. அடுத்து அவரே, "நைலான்னா ஒறுதி. ஆனா நனைஞ்சா கொஞ்சம் நெகிழும். பாலியெஸ்டர் தண்ணி குடிக்காது, நெகிழாது. ஆனா அதே ஒறுதிக்குக் கொஞ்சம் கனமா போகோணும்" என்றார். ராத்திரி மழையில நைலான் டென்ட் தொய்ஞ்சு போச்சுன்னு புலம்பறவங்க எல்லாரும் எங்க அப்பாகிட்ட வரலாம். நாடாவை ஒரு தடவை இழுத்துக் கட்டினா சரியாப் போற விஷயம் அது.

சரி, எதுக்கு இவ்வளவு கிராம் கணக்கு? நான் 46 கிலோ. முதுகுப் பை நம்ம எடையில அஞ்சுல ஒரு பங்கைத் தாண்டாம பார்த்துக்கோன்னு மலையேறறவங்க சொல்வாங்க. எனக்கு அது ஒன்பது கிலோ சொச்சம். அதுல மூணு கிலோவை டென்ட்டே சாப்பிட்டுட்டா, ஸ்வெட்டரை வெச்சுட்டுப் போறதா, சாப்பாட்டை வெச்சுட்டுப் போறதா? கடையில சல்லிசா கிடைக்கிற ரெண்டு ஆள் டென்ட் எல்லாம் கிட்டத்தட்ட அந்த எடைதான். இன்னொரு பக்கம் 'டைனீமா'ன்னு ஒரு துணி. அரைக் கிலோ சுத்துவட்டாரத்துலயே டென்ட் முடிஞ்சிடும். விலை? அம்பதாயிரத்தைத் தாண்டுது. அதுக்கு நான் மலைக்குப் போகாம ஒரு ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டலாம். என் பட்ஜெட் பத்தாயிரம்.

எடை விஷயத்துல ஒரு உள்குத்து இருக்கு, கவனிச்சுக்கங்க. 'ட்ரெயில் வெயிட்'னு பெருசா ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. அதுல உள் கூடாரம், மேல் துணி, கம்பி, இவ்வளவுதான் சேர்த்தி. முளை, கயிறு, பை எல்லாம் 'பேக்டு வெயிட்'ல வரும். ரெண்டுக்கும் நடுவுல இருநூறு, முந்நூறு கிராம் சுலபமா ஒளிஞ்சுக்கும். முதுகுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா என்ன?

கிராம் பைத்தியம் முத்தினப்ப, பெங்களூர்ல வேலை பார்க்கிற ஒரு சீனியர் அக்கா அவங்க டென்ட்டை 'ட்ரை பண்ணிப் பாரு'ன்னு கூரியர்ல அனுப்பினாங்க. எல்லாம் சேர்த்தே 900 கிராம். ஒரே அடுக்குத் துணி, கம்பியே கிடையாது. நடைக்கோலை ஊன்றித் தூக்கி நிறுத்தணும். பொங்கல் லீவு. எங்கே அடிக்கிறது? மொட்டை மாடியில!

கான்கிரீட்ல முளை இறங்குமா? ஒரு கயிறு தண்ணித் தொட்டி பைப்புல, ஒண்ணு ஹாலோ பிளாக் கல்லுல, ரெண்டு கயிறு அம்மாவோட துளசித் தொட்டியில. நடைக்கோலுக்குப் பதிலா ஒட்டடைக் குச்சி. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "என்ன கண்ணு, சர்க்கஸா?"ன்னாங்க. ராத்திரி ஒரு மணிக்கு தொட்டி நகர்ந்து மொத்த சர்க்கஸும் என் மூஞ்சியில விழுந்துச்சு. திருப்பி நிறுத்திப் படுத்தா, விடிகாலையில உள்பக்கம் பூரா ஈரம். தலைகாணியில சொட்டுது. "டென்ட் ஒழுகுதுங்ப்பா!"ன்னு கத்தினேன். அப்பா வந்து துணியைத் தடவிப் பார்த்துட்டுச் சிரிச்சார். "மழையே இல்லையே கண்ணு. இது நீ விட்ட மூச்சு."

உண்மைதான். நம்ம மூச்சுல இருக்கிற ஈரம், குளிர்ந்த துணியில பட்டு வேர்த்து நிக்குது. ரெண்டு அடுக்கு டென்ட்லயும் இது நடக்கும். ஆனா வெளித்துணியில வேர்த்தா, உள்துணி நடுவுல நின்னு நம்ம மேல படாமப் பார்த்துக்கும். காத்து போக வர வழி விட்டிருந்தா ஈரமும் குறையும். குளிருதுன்னு எல்லா வாயையும் இழுத்து மூடினா, விடியும்போது அபிஷேகம்தான்.

அன்னிக்கு நடந்த இன்னொரு கூத்துதான் என் முடிவையே மாத்துச்சு. சாயங்காலம் உள்ளே டார்ச் போட்டுக்கிட்டு ஸ்வெட்டர் மாத்திட்டிருந்தேன். வெளியே தங்கச்சி விழுந்து விழுந்து சிரிக்கிறா. "அக்கா... நிழல் படம் மாதிரி எல்லாம் தெரியுது!" அந்த வெளிர் சாம்பல் துணி அவ்வளவு மெலிசு. இதை எந்த விமர்சனத்துலயும் நான் படிக்கலை. எழுதினவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க. அவங்களுக்கு இது ஒரு பிரச்னையாவே தோணியிருக்காது. அஞ்சு பசங்க, ஒரு வழிகாட்டி, அக்கம்பக்கத்துல யார் யாரோ அடிச்ச டென்ட்டு... அங்கே போய் நான் நிழல் படம் காட்டணுமா? அன்னிக்கே லிஸ்ட்டுல முதல் வரியை மாத்தினேன். எடைக்கு முன்னாடி, கலர்.

நடைக்கோல் டென்ட் மட்டம்னு சொல்ல வரலை. ரெண்டு கோல் ஊன்றி நடக்கிறவங்களுக்கு, முளை நல்லா இறங்கற மண்ணுன்னா, அதை அடிச்சுக்க ஆளில்லை. நான் ஒரே கோல் ஆசாமி. சீனியர் அக்கா இன்னொரு கதையும் சொன்னாங்க. எம்மா கேட்வுட்னு ஒரு அமெரிக்கப் பாட்டி. பதினோரு பிள்ளை பெத்தவங்க. 1955-ல, 67 வயசுல, அப்பலாச்சியன் நடைபாதையை, அதாவது மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல, தனியாவே நடந்து முடிச்சாங்க. டென்ட்டே கிடையாது. மழைக்குப் போர்த்திக்க, பாத்ரூம்ல தொங்கவிடுவாங்களே பிளாஸ்டிக் திரை, அதுதான்! கேக்க செமையா இருந்துச்சு. ஆனா, அந்தப் பாட்டிக்குப் பத்துனது எனக்குப் பத்தாது.

கடைசியா மார்ச்ல வாங்கினேன். பேரு வேண்டாம், விளம்பரமாயிடும். ரெண்டு அடுக்கு, அடர் பச்சை, 20 டெனியர் நைலான். உள்கூடாரம் முழுக்க வலையா இல்லாம பாதிக்கு மேல துணி. குளிர் காத்து நேரா வந்து அறையாது. ஒய் வடிவத்துல ஒத்தைக் கம்பி, கொக்கி மாட்டினா எழுந்து நிக்கும். ரெண்டு மூலைக்கு மட்டும் முளை வேணும். நான் அஞ்சடி ரெண்டங்குலம்கிறதால நீளம் பத்தி யோசிக்கவே இல்லை. இந்த டென்ட் எல்லாம் ஆறடி ஆளுக்குத் தைக்கிறது. கால்மாட்டுல பை வைக்கவே எனக்கு இடம் மிச்சம். குள்ளமா இருக்கிறதுல எனக்குக் கிடைச்ச முதல் லாபம்!

கம்பெனியில துணி எடை பார்க்க ஜி.எஸ்.எம் கட்டர்னு ஒண்ணு இருக்கு. வட்டமா நூறு சதுர சென்டிமீட்டர் வெட்டி எடுத்து எடை போடுவாங்க. அப்பா அதைக் கையோட கொண்டு வந்துட்டார். "ஒரே ஒரு வட்டம் கண்ணு, ஓரத்துல..." நான் அலறின அலறல்ல ஆத்தா எழுந்துட்டாங்க. சமாதானமா டென்ட்டை முழுசா தராசுல வெச்சார். 1,420 கிராம். அப்புறம் ஒரு மணி நேரம், கண்ணாடியை மூக்குல இறக்கிவிட்டுத் தையலை மட்டும் பார்த்தார். "துணி ஒழுகாது. ஊசி போன ஓட்டைதான் ஒழுகும்." மேல் துணியில தையல் மேல உள்பக்கமா டேப் ஒட்டியிருந்துச்சு. தரைத் துணியில ஒரு மூலையில டேப் பாதியில நின்னுருந்துச்சு. அதுக்குப் பசை வாங்கிட்டு வந்து, பழைய பெயின்ட் பிரஷ்ல மூணு தடவை பூசினார். ஜிப்புல மெழுகுவத்தியைத் தேய்ச்சு விட்டார். மாடியில அடிச்சு, தண்ணித் தொட்டியில ஓஸைச் சொருகி அரை மணி நேரம் மழை பெய்ய வெச்சார். உள்ளே நான். வெளியேர்ந்து ஒரே கேள்வி, "எறங்குதா? எறங்குதா?"

ஜூன் முதல் வாரம். ரெண்டு ராத்திரி ரயில், ஒரு ராத்திரி பஸ். அடல் சுரங்கப் பாதை வாய்க்குப் பக்கத்துல துண்டி. அங்கேர்ந்து ஆத்தோரமா ஏறினா பகர்தாச் புல்வெளி. ஆட்டு மந்தை, நாலா பக்கமும் பனி, நடுவுல எங்க டென்ட்டுங்க. முளை அடிச்சா ரெண்டு இடத்துல பாறை டங்குனு கேக்குது. கல்லைத் தூக்கிக் கயித்து மேல வெச்சேன். மொட்டை மாடி சர்க்கஸ் வீண் போகலை!

எட்டு மணிக்கு மழை. கூடவே ஆலங்கட்டி. முறத்துல புளியங்கொட்டையைக் கொட்டிப் புடைக்கிற சத்தம், காதுக்கு ஒரு அடி மேல. காத்து டென்ட்டை ஒரு பக்கமா அமுக்குது. முதல் ஒரு மணி நேரம் நான் ஜிப்பைக் கையால பிடிச்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தேன். எதுக்குப் பயந்தேன்னு கேட்டா... மழைக்கும்தான், எல்லாத்துக்கும்தான். பக்கத்துல ஆத்தாவோட குறட்டை இல்லாம நான் தூங்கினதே கிடையாது.

பத்து மணி வாக்குல வெளியே குரல். பசங்க வாடகைக்கு எடுத்த மூணு ஆள் டென்ட்ல தையல் வழியா தண்ணி. "உன் டென்ட்ல இடம் இருக்கா?" ஏதோ பஸ் சீட் கேக்கிற பழக்கத்துல கேட்டுட்டான். ஜிப்பை ஒரு சாண் திறந்து டார்ச் அடிச்சேன். பாவம், கோழி மாதிரி நனைஞ்சு நிக்கிறான். ஒரு ஆள் டென்ட்ல ஒரு ஆள்தான். அதை எப்படிச் சொல்றதுன்னு எனக்கு சங்கடம், கேட்டதுக்கு அவனுக்கு சங்கடம். "பை வைக்கலாம்" என்றேன். மூணு பேரோட துணிப் பையையும் வாங்கி முன்வாசல் மறைப்புல அடுக்கினேன். அவங்க வழிகாட்டி அண்ணனோட சமையல் கூடாரத்துக்கு ஓடினாங்க. நான் ஜிப்பை இழுத்து மூடினேன். மெழுகு போட்ட ஜிப், சத்தமே இல்லாம மூடிச்சு. டார்ச்சை அணைச்சுட்டு, நனைஞ்ச சாக்ஸை மாத்திக்கிட்டுப் படுத்தேன். எப்பத் தூங்கினேன்னே தெரியலை.

விடிஞ்சதும் கையை நீட்டி அந்த மூலையைத்தான் முதல்ல தொட்டுப் பார்த்தேன். காய்ஞ்ச துணி. மேல் துணியில மட்டும் முத்து முத்தா என் மூச்சு.

ஏரியைப் பார்த்துட்டு இறங்கி, சோலாங் பக்கம் வந்தப்பதான் சிக்னல் வந்துச்சு. அம்மா போனை எடுத்து அழறதுக்குள்ள அப்பா பிடுங்கிட்டார். "மழை பேஞ்சுதா கண்ணு?"

"பேஞ்சுதுங்ப்பா, ஆலங்கட்டியோட."

"எறங்குச்சா?"

"இல்லீங்ப்பா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் போனை அம்மாகிட்டக் கொடுத்துட்டார்.

ஊருக்கு வந்து, காய வைக்கணும்னு மாடியில விரிச்சேன். ஈரத்தோட சுருட்டி வெச்சா பூஞ்சை பிடிச்சு, பூச்சும் உரிஞ்சிடும். அன்னிக்கு ராத்திரி பார்த்து கரன்ட் கட். புழுக்கம் தாங்காம அப்பா மாடிக்குப் போனவர் திரும்பி வரலை. எட்டிப் பார்த்தா, மேல் துணியைக் கழட்டிட்டு உள்கூடாரத்துல மட்டும் படுத்திருக்கார். கால் ரெண்டும் வாசல் வழியா வெளியே.

"ஏனுங்க, கொசு வரலீங்ளா?"ன்னு கீழேர்ந்து அம்மா.

"காலுக்கு மட்டும் வருது."

மறுநாள் தங்கச்சி துண்டு போட்டு இடம் பிடிச்சா. அதுக்கு அடுத்த நாள் ஆத்தா. இப்ப எங்க வீட்டுல தினம் சாயங்காலம் இதே பஞ்சாயத்துதான்... இன்னிக்கு யார் முறைன்னு!