மேட்டின் மேல் பெய்யும் மழை

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கழிவுமேடு இருக்கிறது. சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைமேடுகளைப் போல அது நாறாது, புகையாது. அதன் மேல் காக்கையோ பருந்தோ சுற்றுவதில்லை. கோடையில் பார்த்தால் வெளுத்துப்போன வெறும் மண்மேடுதான். ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போனால் அடிவாரத்தில் பளிச்சென்ற மஞ்சளில் தண்ணீர் கசிந்து நிற்கும். வெயில் ஏறினால் தண்ணீர் வற்றி, அதே மஞ்சள் மண்ணில் பொருக்காகப் படியும்.

தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை விட்டுச்சென்ற மேடு அது. 1970களின் நடுவில் தொடங்கிய அந்த ஆலை, சுமார் இருபது ஆண்டுகள் ஓடி, 1995 வாக்கில் மூடப்பட்டது. தோல் பதனிடும் டேனரிகளுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்தார்கள். குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்துச் சூளையில் வறுப்பார்கள். பிறகு தண்ணீர் விட்டு, கரைகிற குரோமேட்டை வடித்து எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சிய சக்கை ஆலை வளாகத்திலேயே சேர்ந்தது. இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அடியில் தார்ப்பாய்கூட விரிக்காமல் கொட்டிய குவியல்.

எனக்கு ஊர் நாராயணவனம். 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது சித்தூரை விட்டுத் திருப்பதி மாவட்டத்துக்குப் போன ஊர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. புத்தூர், நகரி, திருத்தணி, சோளிங்கர் வழியாக ராணிப்பேட்டைக்கு வந்துவிடலாம். கெட்டுப்போன நிலத்தடி நீரை அளப்பதும், முடிந்தவரை மீட்பதும் என் பிழைப்பு. நகராட்சிக் குப்பைக் கசிவோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் இந்தத் தொழிலின் நெளிவுசுளிவுகளைக் கற்றுக்கொடுத்தது ராணிப்பேட்டையின் குரோமியம்தான்.

குரோமியம் இரண்டு விதமாகத் தண்ணீரில் நடந்துகொள்ளும். மூன்று இணைதிறன் கொண்டது சாது. சாதாரணக் கிணற்று நீரில் கரையாமல் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆறு இணைதிறன் கொண்டது, அதாவது குரோமேட், புற்றுநோய் வரவழைக்கக்கூடிய நஞ்சு. அது எதிர்மின் ஏற்றம் கொண்டது, களிமண்ணும் அப்படித்தான். அதனால் காரநீரில் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை, தண்ணீர் போகும் வேகத்திலேயே அதுவும் போகும். சுண்ணாம்பு கலந்த இந்தச் சக்கையின் பி.எச். 11, 12 என்று நிற்கிறது. ஆறு இணைதிறன் குரோமியம் தடையில்லாமல் கரைந்து வெளியேற இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை.

இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கண்ணுக்கு மஞ்சள் தெரிய வேண்டுமென்றால் அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் சொம்பில் மொண்டு காட்டி, “தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதே சார், மாட்டுக்கு வைக்கலாமா?” என்று கேட்டார். “நிறத்தப் பாத்துச் சொல்ல முடியாதுண்ணா, சோதனை முடிவு வரட்டும், அதுவரைக்கும் வேற தண்ணி வையுங்க” என்றுதான் சொல்ல முடிந்தது. மஞ்சளாக இருந்தால் சனங்களே ஒதுங்கிக்கொள்வார்கள். தெளிவாக இருக்கும் கிணறுதான் எனக்குப் பயம்.

மாதிரி எடுப்பதைப் பலர் எடுபிடி வேலையாக நினைக்கிறார்கள். பாட்டிலில் மொண்டு லேபுக்கு அனுப்பினால் முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். மாதக்கணக்கில் போர்க்கிணற்றின் கேசிங் குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர் பாறையின் சேதியைச் சொல்லாது. முதலில் நீர்மட்டம் பார்க்க வேண்டும். பிறகு மெதுவாக இறைத்துக்கொண்டே பி.எச்.சும் மின்கடத்துதிறனும் ஒரே அளவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்ற பிறகுதான் பாட்டில் திறக்கலாம். கிணற்றடியிலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து இரண்டு பாட்டில். மொத்தக் குரோமியத்துக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். ஆறு இணைதிறனுக்கான பாட்டிலில் அமிலம் ஒரு சொட்டும் படக்கூடாது. பட்டால் தண்ணீரில் இருக்கும் கரிமப் பொருளோடு வினைபுரிந்து, லேபுக்குப் போகும் வழியிலேயே அது சாதுவாகிவிடும். அறிக்கையில் ‘இல்லை’ என்று வரும், ஊரே நிம்மதியாகக் குடிக்கும். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதித்துவிட வேண்டும். டைஃபினைல் கார்பசைடு விட்டதும் குப்பியில் ஊதா நிறம் எழும்பும்போது, அந்த நிறத்தின் அழுத்தத்தை வைத்தே ஓரளவு அளவைச் சொல்லிவிடலாம். எத்தனை வருடமானாலும் அதைப் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது.

மாசைக் கண்டுபிடித்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, “இறைச்சு சுத்தம் பண்ணிட வேண்டியதுதானே?” அதில் தப்பில்லை. இரும்புச் சல்ஃபேட்டைச் சேர்த்தால் ஆறு மூன்றாக மாறி அடியில் படிந்துவிடும். சேற்றை வடிகட்டி, தண்ணீரைத் திரும்ப விடலாம். போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். வில்லங்கம் பாறையில் இருக்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் மேலே சில மீட்டர் சிதைந்த பாறை, அதன் கீழே கெட்டியான கருங்கல், நடுநடுவே போர் போடுகிறவர்கள் ‘கேப்’ என்று சொல்லும் வெடிப்புகள். மோட்டார் இழுப்பது கேப்பில் ஓடும் தண்ணீரை. குரோமேட்டோ இத்தனை ஆண்டுகளில் சிதைந்த பாறையின் நுண்துளைகளுக்குள்ளும் ஊறிப்போயிருக்கிறது. எங்கள் ஊர்த் தறிக்காரர்கள் சாயம் போட்ட நூலை அலசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அலசி அலசித் தண்ணீர் தெளிந்துவிடும், அதே நூலை ராத்திரி தொட்டியில் விட்டால் காலையில் தண்ணீர் மறுபடி நிறம் பிடித்திருக்கும். மோட்டாரை நிறுத்திச் சில மாதம் கழித்து எடுக்கும் மாதிரியில் அளவு ஏறியிருப்பது அதனால்தான். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் எடுத்த நல்ல முடிவை நான் முடிவாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அதனால்தான் தண்ணீரைச் சுத்தம் செய்கிற வேலை மேட்டின் உச்சியில் தொடங்க வேண்டும் என்பேன். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஒரு ஹெக்டேரில் ஆயிரம் மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலும் பத்து லட்சம் லிட்டர். அந்தக் கசிவில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருந்தால், ஒவ்வொரு லிட்டரும் இரண்டாயிரம் லிட்டர் நல்ல தண்ணீரைக் குடிநீர் வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தப் போதும். மேலே இப்படி ஊற்றிக்கொண்டிருக்க, கீழே மோட்டார் வைத்து இறைப்பது மின்வாரியத்துக்குத்தான் லாபம்.

மழை இறங்காதபடி மேட்டை மூடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தச் சக்கை ஈரத்தில் புதுக் கனிமங்கள் உண்டாகி உப்பும். மேலே சிமென்ட் தளம் போட்டால் விரிசல் விடும். வளைந்துகொடுக்கும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும், அதன் மேல் வடிகால் அடுக்கு, மண், புல். சுற்றிலும் இரண்டு தனித்தனி வாய்க்கால்கள், ஒன்று நல்ல மழைநீருக்கு, இன்னொன்று மஞ்சள் கசிவுக்கு. கசிவைச் சேர்க்கும் தொட்டியையும் அலட்சியமாகக் கட்டக் கூடாது. 2015 ஜனவரி 31 அன்று இதே சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துப் பேர் செத்துப்போனார்கள்.

மேட்டை மூடிய பிறகு, கீழே ஏற்கெனவே பரவிவிட்டதை என்ன செய்வது? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. நகராட்சிக் குப்பையின் கறுத்த கசிவு உயிர்வளியைத் தின்றுவிடும். அங்கே அதுதான் எங்களுக்குத் தலைவலி. அமோனியா போகாது, இரும்பும் மாங்கனீசும் பாறையிலிருந்து கரைந்து வரும். ஆனால் உயிர்வளி இல்லாத அதே நிலைமையில் ஆறு இணைதிறன் குரோமியம் தாக்குப்பிடிக்காது, மூன்றாக மாறிவிடும். ஓரிடத்தில் நோயாக இருப்பதை இன்னோரிடத்தில் அளவோடு மருந்தாகக் கொடுக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் லிகி பிலிப் குழுவினர் ராணிப்பேட்டை மண்ணிலிருந்தே பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து இதைச் செய்து பார்த்தார்கள். 2005 வாக்கில் அவர்களது ஆய்வுக்கூட முடிவுகள் வந்தன. சர்க்கரை ஆலை மொலாசஸைத் தீனியாகக் கொடுத்தால் பாக்டீரியா பெருகும், உயிர்வளியைத் தீர்க்கும், அடுத்து குரோமேட்டைப் பிடிக்கும். கலிஃபோர்னியாவின் ஹிங்க்லியில், எரின் புரோக்கோவிச் படத்தால் பெயர் தெரிந்த அந்த ஊரில், எத்தனால் செலுத்தி இதே வேலையைச் செய்தார்கள்.

மொலாசஸ் ஊற்றுவதில் கை நிதானம் வேண்டும். கூடுதலாக விட்டால் செலுத்தும் கிணற்றின் ஓட்டைகள் பாக்டீரியாப் பிசினால் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் அழுகிய முட்டை வாடை அடிக்கும், மாங்கனீசு ஏறும். ஹிங்க்லியிலும் மாங்கனீசு பிரச்சினை வந்தது. குறைவாக விட்டால் ஒன்றும் நடக்காது. கொஞ்சம் விட்டு, கீழ்ப்போக்கில் இருக்கும் கிணற்றில் பார்த்து, மறுபடி கொஞ்சம். மேட்டுக்கு நேர் அடியில், பி.எச். 12 இருக்கும் இடத்தில் இதெல்லாம் பலிக்காது, அந்தக் காரத்தில் பெரும்பாலான பாக்டீரியா பிழைக்காது. இரும்புச் சல்ஃபேட்டையும் அங்கே கொட்டக் கூடாது. இரும்பு உடனே படிந்துவிடும், மிஞ்சிய சல்ஃபேட் சக்கையை இன்னும் உப்ப வைக்கும். மருந்து பிடிப்பது, காரம் தணிந்து மாசு மட்டும் பயணம் போகும் தூரத்தில்தான்.

இவ்வளவும் செய்தாலும் குரோமியம் எங்கும் போய்விடுவதில்லை. உருவம் மாறி அங்கேயே கிடக்கிறது. பாறையில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் கொஞ்சம் திரும்பவும் ஆறாகலாம். கிளாஸ்கோவில் ஒயிட் குடும்பத்தின் குரோமேட் ஆலையை 1960களில் மூடிவிட்டார்கள். அதன் கழிவு புதைந்த ரூதர்கிளென் பக்கத்து ஓடையில் அண்மை ஆண்டுகளிலும் தண்ணீர் நிறம் மாறி ஓடியது. குப்பைக்கிடங்கை மூடிய பின் பதினைந்து ஆண்டுகளாவது கண்காணிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் கூறின. அழுகும் குப்பைக்கு அது ஒரு தொடக்கம். குரோமியச் சக்கைக்குக் காணாது.

திட்ட அறிக்கைகளைப் புரட்டினால் விரிப்பு, வாய்க்கால், தொட்டி, மோட்டார் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியிருப்பார்கள். கண்காணிப்புக் கிணறுகளின் பராமரிப்பு கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. வேலி போடும்போது அந்தக் கிணறுகளை மண்ணுக்குள் தள்ளிவிடுவார்கள், மூடியைத் திருடிக்கொண்டு போவார்கள், உள்ளே கல்லைப் போடுவார்கள். நான் கேட்பது இதுதான்: ஒப்பந்தம் விடும்போதே அடுத்த முப்பது ஆண்டு மாதிரிச் செலவைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்து நீர்மட்டம் ஏறிய பிறகு ஒரு முறை, ஒவ்வோர் ஆண்டும், அதே கிணறுகளில். முடிவுகளைச் சுற்றியுள்ள ஊர்களின் ஊராட்சிப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். மாட்டுக்கு வைக்கலாமா என்று கேட்டவர் அதைப் பார்த்தே முடிவு செய்துகொள்வார்.