பன்னிரண்டு குடம் குடிக்கும் வாஷிங் மெஷின்

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையில் ஓரளவு பெரிய ஊர் அதுதான். இந்த மலை 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழித்துத்தான் அரசாங்கம் இதை எடுத்துக்கொண்டது. சமவெளிக்கு வந்த எதுவும் இங்கே கொஞ்சம் லேட்டாகத்தான் வரும். வாஷிங் மெஷினும் அப்படித்தான்.

ஊர் ஓரத்தில் ஒரு வீடு. அம்மா, ப்ளஸ் டூ காமர்ஸ் படிக்கிற மகள், ஆலப்புழாவில் படகு வீட்டில் சமையல் உதவிக்கு இருக்கிற மகன். அப்பா இல்லை. மகன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு செமி ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்கினான். கள்ளக்குறிச்சியில் இருந்து குட்டி யானையில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவு எல்லாம் கையால் பிடித்துக்கொண்டே கொண்டுவந்து இறக்கினான். "இனிமே நீ கல்லுல அடிச்சுத் துவைக்க வேணாம்மா" என்று சொல்லிவிட்டு மறுநாளே பஸ் ஏறிப் போய்விட்டான். தெருவே வந்து பார்த்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒரே மாதத்தில் அந்த அம்மா போனில் கேட்டார்: "ஏன்டா தம்பி, இது நமக்கு வேலை செய்யுதா, நாம இதுக்கு வேலை செய்யுறோமா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. முன்பெல்லாம் துணியை மூட்டை கட்டி ஓடைக்குக் கொண்டுபோவார்கள். தண்ணீர் இருக்கும் இடத்துக்குத் துணி போகும். இப்போது துணி இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வர வேண்டும். குழாய் இருப்பதோ தெரு முனையில். ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர். ஒரு ஈடு துணிக்குத் துவைக்க 2 குடம், அலச 2, மறுபடி அலச 2. ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஈடு போட்டால் 12 குடம். அதாவது 180 லிட்டர், 180 கிலோ! யார் தூக்குவது? ப்ளஸ் டூ மகள்தான். அம்மாவின் கை வலி போய் மகளின் இடுப்பு வலி வந்தது. பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க மெஷினுக்கே போனது.

"ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மெஷின் குழாயில் இருந்து தானாகத் தண்ணீர் எடுக்கும். அதற்கு அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கொடுப்பது சுமார் 1 பார் அழுத்தம். கூரை மேல் ஆறடியில் டிரம் வைத்தால் கிடைப்பது 0.2 பார்கூட இல்லை. தண்ணீர் வரவில்லை என்று மெஷின் பாதியில் நின்றுவிடும். செமியில் நாம் ஊற்றுவதுதான் தண்ணீர், நாம் சொல்வதுதான் சட்டம். கஷ்டமும் அதுதான், சௌகரியமும் அதுதான் :-)

தீர்வு வந்தது படகில் இருந்து. படகில் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும். சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் புழங்கத் தொட்டியில் இருக்கும் அளவுதான். கடலில் என்றால் இன்னும் மோசம். உப்புத் தண்ணீரில் சாதாரண சவுக்காரம் நுரைக்காது (தேங்காய் எண்ணெய் சவுக்காரம் மட்டும் கொஞ்சம் நுரைக்கும்). மகன் போனில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இங்க எந்தத் தண்ணியும் ஒரே ஒரு வேலை செஞ்சுட்டுப் போகாது பாப்பா."

பாப்பா அன்றைக்கு ராத்திரி காஸ்ட் ஷீட் போடுவது மாதிரி நோட்டில் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கு எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கே.

மூன்று கிலோ துணி. பவுடர் தண்ணீரில் இருந்து எடுத்து அப்படியே லேசாகப் பிழிந்து போட்டால் துணியில் 6 லிட்டர் அழுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றினால் அழுக்கு ஆறில் ஒரு பங்காகக் குறையும் (36-இல் 6). அதே துணியை முதலில் டிரையரில் சுற்ற விட்டால் மிஞ்சுவது 2 லிட்டர்தான். இப்போது 30 லிட்டர் ஊற்றினால் பதினாறில் ஒரு பங்கு. அதே 30 லிட்டரை 15, 15 என்று இரண்டாகப் பிரித்து, நடுவில் இன்னொரு தடவை டிரையரில் சுற்றினால்? 17-இல் 2, அதில் மறுபடி 17-இல் 2. ஏறக்குறைய எழுபத்திரண்டில் ஒரு பங்கு!

அதே தண்ணீர்தான். சுத்தம் மட்டும் பன்னிரண்டு மடங்கு. ரகசியம் டிரையரில் இருக்கிறது. நம்மில் பலர் டிரையரைக் காயப்போடுவதற்கு முன்னால் கடைசியில் ஒரு தடவை மட்டும் ஓட்டுகிறோம். அதை ஒவ்வொரு அலசலுக்கும் முன்னால் ஓட்ட வேண்டும்.

அடுத்தது வரிசை. முதல் ஈட்டில் வெள்ளையும் பள்ளிச் சீருடையும். டிரையர் குழாயின் கீழே ஒரு வாளி வைத்து, வெளியே வரும் பவுடர் தண்ணீரைப் பிடித்து மறுபடி டப்பில் ஊற்றிவிடுவது. அதே தண்ணீரில் இரண்டாவது ஈடு, சாயத் துணிகள். முதல் ஈட்டின் இரண்டாவது அலசல் தண்ணீர்தான் இரண்டாவது ஈட்டுக்கு முதல் அலசல். கடைசிக்கு மட்டும் புதுத் தண்ணீர். மொத்தம் 2+1+1+1 = 5 குடம். பன்னிரண்டு ஐந்தாகிவிட்டது. முதல் அலசல் தண்ணீரில் கால்மிதியை ஊறவைத்து, மிச்சத்தில் திண்ணையையும் கழுவிவிடலாம்.

பவுடரும் குறைந்தது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு கண்ணை மூடிக்கொண்டு போடுவதற்கு இல்லை. கால்சியம், மக்னீசியம் அதிகமுள்ள போர்வெல் தண்ணீருக்குத்தான் நிறைய பவுடர் வேண்டும். மழைத் தண்ணீர் மென்மையானது, அதற்குப் பாதி போதும். பவுடர் கூடினால் நுரை கூடும், நுரை கூடினால் அலசல் கூடும், அலசல் கூடினால் குடம் கூடும்.

கரண்ட் விஷயத்தில் அம்மா ரொம்பப் பயந்திருந்தார். அங்கே பயமே வேண்டாம். துவைக்கிற மோட்டார் 300–400 வாட்தான். 15 நிமிஷம் ஓடினால் 0.1 யூனிட். டிரையரையும் சேர்த்து இரண்டு ஈட்டுக்கும் அரை யூனிட் தாண்டாது. நிறைய கரண்ட் இழுப்பது தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர். சுமார் 2000 வாட் இழுக்கும். இந்த மெஷினில் அது இல்லவே இல்லை. படகுக்காரர்களும் ஹீட்டரைத் தொட மாட்டார்கள். பேட்டரி தாங்காது. இன்ஜின் ஓடும்போது அதன் சூட்டிலேயே தண்ணீர் காய்ச்சிக்கொள்வார்கள். வெள்ளிமலையில் அதற்கு வெயில் இருக்கிறது. கறுப்பு டிரம்மைக் காலையிலேயே வெளியில் வைத்தால் மத்தியானம் வெதுவெதுப்பாக இருக்கும்.

பயப்பட வேண்டியது வோல்டேஜுக்குத்தான். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, கிரைண்டர் ஓடும்போது வோல்டேஜ் படுத்துவிடும். மோட்டார் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகும். அப்படியே விட்டால் சூடாகி காயில் போய்விடும். உடனே நிறுத்த வேண்டும். மத்தியானம் ஓட்டுவது நல்லது. அதைவிட முக்கியம் எர்த். ஈரத் தரை, வெறுங்கால், மூன்றாவது பின் இல்லாத பிளக், இந்த மூன்றும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரிபார்க்காமல் மெஷினைத் தொடவே கூடாது.

இன்னொன்று, பவுடர் தண்ணீரை ஓடையில் விடக்கூடாது. மலைத் தண்ணீர் கீழே கோமுகி அணைக்குப் போகிறது. வழியில் அதைப் புழங்குகிற ஊர்கள் இருக்கின்றன. ஏரியில் படகு கட்டியிருப்பவனுக்கும் இதே கணக்குதான். அவன் கொட்டியதில்தான் அவன் மிதக்க வேண்டும்.

ஹான்ஸ் ரோஸ்லிங் என்று ஸ்வீடன்காரர் ஒருவர் இருந்தார், 2017-இல் காலமானார். 2010-இல் ஒரு மேடையில் வாஷிங் மெஷின் பற்றிப் பேசினார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டுக்கு முதல் மெஷின் வந்ததாம். பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து அது ஓடுவதையே பார்த்தாராம். அம்மா அவரை லைப்ரரிக்குக் கூட்டிப்போனாராம். துணி போட்டால் புத்தகம் வருகிற மெஷின் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அழகான பேச்சு. ஆனால் அந்த வீட்டில் குழாயில் தண்ணீர் வந்திருக்கும். குழாய் தெரு முனையில் இருக்கும் ஊரில் மெஷின் மட்டும் வந்தால் புத்தகம் வராது, குடம்தான் வரும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஐந்து குடம் முடிந்ததும் பாப்பா அக்கவுண்டன்சி புத்தகத்தை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். டிரையர் நின்றால் மாற்றிப் போட வேண்டுமே. அம்மாவுக்கும் மெஷின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

ஆனால் அந்த ஐந்து குடத்தையும் இன்னும் பாப்பாதான் தூக்குகிறாள். அண்ணன் அடுத்த லீவில் வரும்போது வீடு வரைக்கும் ஒரு ஹோஸ் பைப் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறான். மெஷினுக்கு முன்னால் வாங்கியிருக்க வேண்டியது அதுதான்!

பி.கு: உங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை குடம் என்று எண்ணிப் பாருங்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீடாக இருந்தாலும் ஒரு தடவை குடத்தில் பிடித்து ஊற்றிப் பாருங்கள். அப்போதுதான் தெரியும் :-)