யாரால் சும்மா இருக்க முடியும்?

2023-24 காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி வேலையின்மை கேரளத்தில் 7.2 சதவீதம், தமிழ்நாட்டில் 3.5, மத்தியப் பிரதேசத்தில் வெறும் 1. இதைப் பார்த்து மத்தியப் பிரதேசத்துக்கு வேலை தேடிப் போனவர் யாராவது உண்டா? கான்சாபுரத்திலிருந்து எங்கள் ஆட்கள் போவது மலைக்கு அந்தப் பக்கம், அதே கேரளத்துக்குத்தான். நாட்டிலேயே கிராமப்புறக் கூலி அங்கேதான் அதிகம்.

இந்தக் கணக்கில் ஆண்டுக்கு 30 நாள் ஏதாவது வேலை பார்த்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். களையெடுப்பு, மாங்காய் பறிப்பு, நூறு நாள் வேலை என்று அந்த 30 நாளைத் தாண்டாதவர் எங்கள் தெருவில் யார்? பட்டம் வாங்கிவிட்டுச் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்ணும் வேலையில் இருப்பவர்தான். என்ன கூலி, உயிரோடு வீடு திரும்புவாரா என்பதற்கெல்லாம் அந்த 3.5-இல் இடமில்லை.

படிப்புக்கேற்ற வேலை வரும்வரை காத்திருக்க வீட்டில் அரிசி வேண்டும், கையகல நிலமாவது வேண்டும். கேரளத்தில் படித்துவிட்டு அப்படிக் காத்திருப்பவர்கள் நிறைய. விகிதம் உயர அதுவும் ஒரு காரணம். (அங்கேயும் தலித், ஆதிவாசிக் குடியிருப்புகளின் கதை வேறு.) நிலமில்லாத நாங்கள் மறுநாளே எதையாவது செய்தாக வேண்டும். உடனே புள்ளிவிவரத்தில் வேலையின்மை குறைந்துவிடுகிறது!

விருதுநகரை 2018-இல் ஒன்றிய அரசு 'முன்னேற விழையும் மாவட்டம்' ஆக்கியது. நல்லது. அடுத்த கிராமசபையில் நாங்கள் சதவீதம் கேட்கப் போவதில்லை. எங்கள் தெருவுக்கு நூறு நாளில் எத்தனை நாள் வேலை கொடுத்தீர்கள், 15 நாளுக்குள் வரவேண்டிய கூலி எப்போது வந்தது, தெரு வாரியாகப் பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்போம்.