கப்பி மீன்கள் கற்பித்த பாடம்

1979ஆம் ஆண்டு உயர்தர வகுப்பிற் பயின்றபோது, ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தொட்டியைப் பேணும் பொறுப்பு எம்மிடம் இருந்தது. அதில் வளர்ந்தவை நுளம்புக் குடம்பிகளை உண்ணும் கப்பி மீன்கள். கப்பி முட்டையிடுவதன்று, குஞ்சுகளை உயிருடன் ஈனுவது. ஈன்ற குஞ்சுகளைத் தாயே விழுங்குதலும் உண்டு.

ஒருநாள், ஈனுந் தறுவாயிலிருந்த தாய்மீனின் செட்டைகளில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகளைக் கண்டோம். லீற்றருக்கு 2 கிராம் வீதம் கறியுப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்தோம். மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்தன. மகிழ்ந்து, நீரை மாற்றி, வைத்தியத்தையும் நிறுத்தினோம். அன்றிரவு பிறந்த 18 குஞ்சுகளையும் தொட்டியின் வலையாலேயே அள்ளி வேறு சாடியிலிட்டோம்.

சில நாட்களில் தாயிலும் குஞ்சுகளிலும் புள்ளிகள் தோன்றின. தாய் இறந்தது.

ஆசிரியர் எம்மைக் கடிந்திலர், விளக்கினார். ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் உள்ளவரை மருந்து அதனைத் தீண்டாது. தோலை நீங்கித் தொட்டியின் அடியிற் பெருகி, மீண்டும் மீனைத் தேடி நீந்தும் வேளையிலேயே அது அழியும். புள்ளி மறைந்த வேளையே நாம் விழித்திருக்க வேண்டிய வேளை.

மீண்டும் உப்பிட்டோம். நாடோறும் காற்பங்கு நீரை மாற்றி, மாற்றிய நீருக்கு மட்டும் உப்புச் சேர்த்தோம். அவித்த முட்டையின் மஞ்சட்கருவை அணுவளவாக ஊட்டி, எஞ்சியதை உடனே அகற்றினோம். புள்ளிகள் மறைந்த பின்னும் ஒரு வாரந் தொடர்ந்தோம். 7 குஞ்சுகள் பிழைத்தன.

அன்று தொட்டியைச் சூழ்ந்து நின்றோருட் சிலர் பின்னர் வைத்தியராயினர்; சிலர் ஆசிரியராயினர். "குணமாயிற்று" என்று சொல்லுமுன் இன்றும் நாம் ஒருகணந் தயங்குகின்றோம்.