கயிற்றுப் பாதையும் கப்பற் கம்பெனியும்

பொட்டிபுரத்தில் நின்று மேற்கே நோக்கினால், மலைத்தொடர் நீல மதிலென எழுந்து நிற்கும். அவ்வூரினின்று போடிநாயக்கனூர் அடைந்து, கொட்டகுடி ஆற்றை ஒட்டி மலையடிவாரம் சென்றோம். 5,000 அடிக்கு மேல் உயர்ந்த டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ஒரு காலத்தில் கம்பிக் கயிற்றில் தொங்கியவாறு இங்கே இறங்கின. பின்பு வண்டியேறிப் போடிக்குச் சென்றன.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சார் அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்றார். 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி தோன்றிற்று. 1908-ல் மலைமேல் ஓடத் தொடங்கிய சிறு ரயிலை 1924-ஆம் வருஷப் பெருவெள்ளம் அழித்தது. கொழுந்து கிள்ளியோர் பெரும்பாலும் தமிழ் மக்கள். லாபமோ கடல் கடந்தது.

கம்பெனி என்பது லாபத்துக்காக மட்டும் பிறந்ததா? ஆதியில் அது அரசர் சாசனத்தால் பிறந்தது. 1600-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 15 வருஷத் தனியுரிமை தந்த சாசனமும், இங்கிலாந்துக்கு நன்மையில்லையெனக் கண்டால் இரண்டு வருஷ முன்னறிவிப்புடன் ரத்தாகும் என்றது. நம் நாட்டின் நன்மையை அது கேட்கவில்லை என்பது வேறு விஷயம். 19-ஆம் நூற்றாண்டுச் சட்டங்களோ, பதிவு செய்தாலே போதும் என்றன. பொதுநன்மை பற்றிய கேள்வி மறைந்தது.

மலையில் சிறு ரயில் ஓடத் தொடங்கிய காலத்தையொட்டியே, தூத்துக்குடியில் அக்கேள்வி மீண்டும் எழுந்தது. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கப்பல் கட்டவும் ஓட்டவும் நம்மவரைப் பயிற்றுவிப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. 1908-ல் ராஜாங்கம் அவரைச் சிறையிலிட்டது. 1911-ல் கம்பெனி கலைந்தது.

கண்ணன் தேவன் மலையில் 2005-ல் தொழிலாளரும் ஊழியரும் பங்குதாரராக அமைந்த புதிய கம்பெனி தோட்டங்களை ஏற்றது. ஆயினும் 2015-ல் பெண் தொழிலாளர்கள் போனஸ் கோரி மூணாற்று வீதியில் அமர நேர்ந்தது. பங்குப் பத்திரம் கையிலிருந்தால் மட்டும் போதாது. கம்பெனியின் போக்கை நிர்ணயிக்கும் குரலும் வேண்டும். கம்பெனிக்கு உயிர் தருவது நாட்டின் சட்டமே. ஆதலால், "உன்னால் எங்களுக்கு என்ன நன்மை?" என்று அதைக் கேட்கும் உரிமை, பங்கு வாங்காத ஏழைக்கும் உண்டு.