மாமனாரின் காரும் இவரின் இடது காலும்

"உங்களுக்கு எதுக்கு மதினி இந்த மெக்கானிக் வேலையெல்லாம்?" என்று என் நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்ததிலும் தப்பில்லை. அன்று நான் அடுப்படி மேடைக்குப் பக்கத்தில் இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரும் புதிருமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றுக்கு மட்டும் சுவிட்சைப் போட்டேன். மற்றதன் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தேன். காற்று பட்டுப் பட்டு, கரண்டே இல்லாத அந்த ஃபேனும் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. "சுத்துது, சுத்துது!" என்று நான் கத்திய சந்தோஷத்தில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது.

எதற்கு இந்தக் கூத்து என்கிறீர்களா? சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளை அம்பாசடர் இருக்கிறது. 1994-ல் என் மாமனார் வாங்கியது. இசுசு எஞ்சின் வைத்து வந்த 1800 சி.சி. பெட்ரோல் வண்டி. பழைய அம்பாசடர் மாதிரி ஸ்டியரிங்குக்குக் கீழே கியர் கம்பி இருக்காது, தரையில்தான் கியர். நான் இந்த வீட்டுக்குக் கல்யாணப் பெண்ணாக வந்து இறங்கியது அந்தக் காரில்தான். என் இரண்டாவது பிரசவத்துக்கு ராத்திரி ஒரு மணிக்கு மதுரைக்கு ஓடியதும் அதில்தான். 2016-ல் மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக வீடு திரும்பியதும் அதிலேதான். 2014-ல் கம்பெனிக்காரர்கள் அம்பாசடர் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டு வாசலில் அது நிற்காத நாள் கிடையாது.

என் கணவர் விருதுநகரில் காலண்டர், டைரி ஆர்டர் பிடித்துக் கொடுக்கிற தொழில் செய்கிறார். அச்சடிப்பது எல்லாம் சிவகாசியில். வாரத்தில் மூன்று நாள், சீசனில் ஆறு நாளும் போய் வர வேண்டும். ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அன்றிலிருந்து தீபாவளி, பொங்கல் வரைக்கும் இவருக்குத் தூக்கமே இருக்காது.

2022 ஆடி மாதம்தான் விபரீதம் நடந்தது. ஓர் அச்சாபீஸ் மாடிப்படியில் ஆல்பக் கட்டோடு இறங்கும்போது கால் தவறி விழுந்துவிட்டார். இடது கணுக்கால் எலும்பு நொறுங்கிப் போய், ப்ளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை. எழுந்து நடந்தார், ஆனால் கணுக்கால் முன்னைப் போல மடங்கவில்லை. போதாததற்குச் சர்க்கரை வேறு.

டாக்டர், "வலது கால் நல்லா இருக்கு. பிரேக்குக்குப் பயமில்லை. ஆனா இடது காலை வச்சு ஓங்கி மிதிக்கிற வேலை இனி வேண்டாம்" என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் மரத்துப்போகும் தன்மை வந்தால், மிதிப்பது தெரியாமலே மிதிப்பார்கள் அல்லது மிதித்ததாக நினைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். அதையும் பரிசோதித்துப் பார்த்தார். (வீட்டில் சர்க்கரை இருந்து கார், ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் இந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், சகோதரிகளே. பாதத்தைத் தொட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம்தான் ஆகும்.)

இவர் கேட்கிற ஆளா? பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பால் கணக்கு எழுதுகிற நோட்டில் ஒரு கோடு ஒரு கோடாகப் போட்டேன். விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி போய்ச் சேருவதற்குள் இவர் க்ளட்ச் மிதித்தது தொண்ணூற்று மூன்று தடவை! இருபத்தைந்து கிலோ மீட்டர்தான் இருக்கும். திரும்பி வரும்போது பஸ்களும் பட்டாசு லாரிகளும் சேர்ந்து நெரிசல், நூற்றுப் பத்து. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முடியவில்லை, வீங்கிப் போயிருந்தது. வெந்நீரில் உப்பைப் போட்டுக் காலை வைக்கச் சொல்லி, நோட்டைக் காட்டினேன். பேசாமல் இருந்தார்.

கோயம்புத்தூரில் படிக்கிற மகன் போனில் சொன்னான், "அப்பா, அதை வித்துட்டு ஆட்டோமேட்டிக் கார் வாங்குங்க." அதற்கு இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா வாங்கின காரை விற்பதா என்று ஒரு வருத்தம். மகள் காலேஜ் சேரப் போகிற வருஷத்தில் லட்சக்கணக்கில் எங்கே போவது என்று இன்னொரு வருத்தம். டிரைவர் வைத்தால் சம்பளத்துக்கே லாபம் போய்விடும். தொழிலை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால்? அதை நான் யோசிக்கவே பயந்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. கார் இருக்கட்டும், கியர் பாக்ஸை மட்டும் கழற்றிவிட்டு, புதுக் கார்களில் வருகிற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை அதில் மாட்ட முடியாதா? உரலைத் தூக்கி எறியாமல் அதிலேயே மோட்டார் வைத்துக்கொள்கிற மாதிரி!

எங்கள் பட்டறைக்காரர் அந்தக் காலத்தில் பெட்ரோல் அம்பாசடர்களுக்கு டீசல் எஞ்சின் மாற்றிப் போட்டுக் கை தேர்ந்தவர். ஃப்ளாஸ்கில் காப்பியை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். அவர் இவரைப் பார்த்து, "அண்ணாச்சி, முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா என்னென்ன வேலைன்னு கேட்டுக்கங்க" என்று ஆரம்பித்தார். நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

எஞ்சின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரம் நிற்க வேண்டுமானால் இரண்டையும் பிரித்து வைக்க ஒன்று வேண்டும். அதுதான் க்ளட்ச். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தட்டுகளைப் பெடலை மிதித்துப் பிரிக்கிறோம். ஆட்டோமேட்டிக்கில் தட்டுக்குப் பதில் ஒரு பெரிய உருண்டை; உள்ளே எண்ணெய், எதிரெதிராக இரண்டு சக்கரம். "மதினி, ரெண்டு ஃபேனை எதிர் எதிரா வச்சுப் பாருங்க. காத்துக்குப் பதிலா எண்ணெய், அவ்வளவுதான்" என்றார். (பால் பொங்கிய கதை இப்போது புரிந்ததா?) அமெரிக்காவில் 1939-ம் வருஷக் கடைசியிலேயே ஓல்ட்ஸ்மொபைல் காரில் எண்ணெயில் இயங்கும் ஆட்டோமேட்டிக் கியர் வந்துவிட்டதாம். இரண்டாம் உலக யுத்தத்தில் டாங்கிக்குள்ளேகூட அதை வைத்தார்களாம். நம் ஊரில்தான் சாதாரண ஜனங்கள் வாங்குகிற சின்னக் காருக்கு அது வரத் தாமதம். 2014-ல் மாருதி செலிரியோவில் வந்ததுகூட எண்ணெய் உருண்டை இல்லை. நம் பழைய கியர் பாக்ஸேதான், மிதிப்பதையும் மாற்றுவதையும் மட்டும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் எங்கள் திட்டம் மாட்டிக்கொண்டது. புது கியர் பாக்ஸுக்குக் கண், காது எல்லாம் எஞ்சினில் இருக்கும். ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று ஒயர் வழியாகச் செய்தி போனால்தான் எப்போது கியர் மாற்றுவது என்று அதற்குத் தெரியும். எங்கள் வண்டியோ கார்புரேட்டர் வண்டி. செய்தி சொல்ல வாயே கிடையாது. ஒவ்வொன்றாக வைத்து, தனிக் கம்ப்யூட்டர் பூட்டி, அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அது மட்டுமா? எஞ்சினின் பின்பக்கமும் கியர் பாக்ஸின் வாயும் பொருந்தாது. நடுவில் லேத்தில் கடைந்த தட்டு வேண்டும், அதுவும் மயிரிழை பிசகாமல். ஃப்ளைவீலை எடுத்துவிட்டு வேறு தட்டு. பெட்டி பெரிது என்பதால் காரின் தரையை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். பின்சக்கரத்துக்குப் போகிற நீளமான ஷாஃப்டை வெட்டி, திரும்ப ஒட்டி, ஆடாமல் பாலன்ஸ் பார்க்க வேண்டும். எண்ணெய் சூடாகும், அதைக் குளிரவைக்கக் குழாய் இழுக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலைக் கேட்கவே வேண்டாம்.

"எல்லாம் சேர்த்து ஒண்ணே முக்கால், ரெண்டு லட்சம் ஆகும் அண்ணாச்சி. அப்புறம் நடு ரோட்டில நின்னா என்னைத் தவிர யாருக்கும் ஒண்ணும் தெரியாது. பேட்டரி இறங்கினா தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது" என்றார். வேலையை வேண்டாம் என்று சொல்லி வருமானத்தை விட்ட மனுஷரை அன்றுதான் பார்த்தேன். இவர் முகம் சுண்டிப் போய்விட்டது. காப்பியைக்கூடக் குடிக்கவில்லை.

கிளம்பும்போது அவரே கூப்பிட்டார். "கியர் மாத்துறதுல உங்களுக்குக் கஷ்டம் இருக்கா? கை நல்லாத்தானே இருக்கு? கால் வேலையை மட்டும்தானே குறைக்கணும்?"

அடடா! இத்தனை நாளும் நாங்கள் கேள்வியையே தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கால் நடமாட்டம் குறைந்தவர்களுக்காகவே ஆட்டோ க்ளட்ச் என்று ஒன்று விற்கிறார்கள். கியர் பாக்ஸில் கையே வைப்பதில்லை. கியர் கம்பியின் உருண்டையில் ஒரு சுவிட்ச். கை பட்டதும், ஒரு டப்பா க்ளட்சை இழுத்துக்கொள்கிறது. கையை எடுத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மெல்ல விடுகிறது. இழுக்கிற பலம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுகிறோமே, அப்படி எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறதே, அந்த உறிஞ்சலிலிருந்துதான். பெட்ரோல் வண்டியானதால் அது தாராளமாகக் கிடைத்தது. டீசல் வண்டிக்கு அந்த உறிஞ்சல் தானாகக் கிடைக்காது, தனிப் பம்பு வேண்டும் என்றார்.

ஆனால் வாங்கி மாட்டிவிட்டு ஓட்டிவிட முடியாது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. உடல் குறை உள்ளவர் ஓட்டுவதற்காக வண்டியை மாற்றிக்கொள்ள, 2019-ல் செய்த திருத்தம் வழிவிட்டிருக்கிறது; ஆனால் அதற்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸின் ஒப்புதல் வேண்டும். டாக்டர் சர்டிபிகேட், ஆர்.சி. புக்கில் மாற்றம், லைசென்ஸில் மாற்றம், இன்ஷூரன்ஸுக்குத் தகவல் என்று நான் ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஐந்து நடை நடந்தேன். பழைய வண்டியாதலால் ஆர்.சி. புதுப்பிப்பதும் அதே சமயத்தில் வந்தது. முன்பு சில நூறு ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய் ஆகிவிட்டிருந்தது. அம்மாடி! ஒரு ஜோடி தோட்டை அடகு வைத்தேன். இவருக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

மாட்டி முடித்த முதல் வாரம் கட்டை வண்டி மாதிரி உலுக்கி உலுக்கிப் போனது. க்ளட்ச் விடுகிற வேகத்துக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் தினமும் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகிச் சரி பண்ணினார் பட்டறைக்காரர்.

அதைவிடப் பெரிய ஆபத்து, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருந்தது. இவருக்கு ஒரு பழக்கம், அது மாமனாரிடமிருந்து வந்தது: ஓட்டும்போது சும்மா கியர் உருண்டை மேல் இடது கையை வைத்துக்கொள்வது. ஒரு நாள் பாலத்து ஏற்றத்தில் போய்க்கொண்டிருக்கிறோம், திடீரென்று எஞ்சின் 'ஊ'வென்று அலறுகிறது, வண்டி முன்னே போகமாட்டேன் என்கிறது. பின்னால் லாரி ஹாரன். எனக்கு உயிரே போய்விட்டது. "கையை எடுங்க! கையை எடுங்க!" என்று நான்தான் அவர் கையைத் தட்டிவிட்டேன். கை பட்டதும் க்ளட்ச் விலகிக்கொண்டது, அவ்வளவுதான் விஷயம். மறுநாளே போய், தொட்டால் வேலை செய்கிற சுவிட்சை எடுத்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்தினால் மட்டும் வேலை செய்கிற பொத்தானாக மாற்றிக்கொண்டோம். இதெல்லாம் சாமான் விற்கிறவர் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. எல்லாமாக எங்களுக்கு ஆன செலவு நாற்பதாயிரத்துக்குள்.

2023 ஆடிப் பதினெட்டு அன்று காலையில் சித்ரான்னமும் வடகமும் கட்டிக்கொண்டு சிவகாசிக்குக் கிளம்பினோம். இவர் வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு மாமனார் மாதிரியே இருந்தார். திருத்தங்கலில் வழக்கம் போல நெரிசல். முன்னால் ஒரு டவுன் பஸ், பக்கத்தில் மாட்டு வண்டி, நகரவும் நகராது, நிற்கவும் விடாது. நான் பழக்கத்தில் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இவரின் இடது கால் தரையில் சும்மா கிடந்தது, விரல்கள் மட்டும் ஏதோ பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

சிவகாசியில் அச்சாபீஸ் வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஆல்பம் வாங்க அவரே இறங்கிப் போனார். நான் காரில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். போன வருஷத்துக் கோடுகளுக்கு எதிர்ப்பக்கம் காலியாகவே இருந்தது. வீணாக்குவானேன் என்று அதில் அந்த மாதத்துப் பால் கணக்கை எழுதினேன்.